நான் அடிக்கச் சொன்ன ஒரு சொல்

அன்று செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தில் மாலை நாலு இருபது. அந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் என் மகளை அவசரப்படுத்தினேன்.

"லீதியாள், நேரமாச்சு. வானம் கருக்குது. வா, போவோம்" என்றேன்.

அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாம் தவறிப்போயிற்று என்று முதலில் எண்ணினேன். அப்படியல்ல, சகோதரிகளே. அதற்கு இரண்டு மாதம் முன்பே தவறிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் காலராவில் இழந்தேன். மிஞ்சியவள் லீதியாள். உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே படிக்கிறவர்கள் பத்து வாரம் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ். அந்த வருஷம் இரண்டு மொழியில் பாடம் நடக்கும் இரண்டு பள்ளிகள் ஆள் கேட்டிருந்தன. ஒன்று, இங்கிலீஷும் தமிழும் நடக்கும் பள்ளி. அது வெளியூர். விடுதியில் தங்க வேண்டும். மற்றது, உருதுவும் தமிழும் நடக்கும் முஸ்லிம் பெண்பிள்ளைகளின் பள்ளி. அது மதுரைக்குள்ளேயே, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

லீதியாளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அவள் வெளியூர்ப் பள்ளிக்கே ஆசைப்பட்டாள். நான் விடவில்லை. இருக்கும் ஒரு பிள்ளையைப் பத்து வாரம் கண்ணில் காணாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வி இருந்தது: உருது பேசத் தெரியுமா? 'கொஞ்சம்' என்று எழுதினாள். அது உண்மை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியதில் இருபது முப்பது வார்த்தை அவளுக்கு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம்னு எழுதினா உன்னையத் தள்ளிருவாங்க. அதை அடிச்சிட்டு 'நன்றாக'ன்னு எழுது" என்றேன்.

"அம்மா, அது பொய்ம்மா."

"போகப் போகத் தெரிஞ்சுக்கிருவ. எழுதுடி."

என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடித்துவிட்டு எழுதினாள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் என் கணவரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. பள்ளி கிடைத்ததும் அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். உங்களில் பலர் அதைக் கேட்டீர்கள்.

ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. லீதியாளுக்கு முதலாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். தினமும் நாலு மணிக்கு நான் போய் வாசலில் நின்று அவளை அழைத்து வருவேன். அந்தப் பள்ளியில் திரை கட்டிய மாட்டுவண்டி ஒன்று உண்டு. அது இரண்டு நடையாகப் பிள்ளைகளை வீட்டில் விடும். இரண்டாம் நடைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வாசலருகே கிடக்கும் நீளமான கருங்கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி வரும்வரை டீச்சர் ஒருவர் கூட நிற்க வேண்டும். அந்த வாரம் லீதியாளின் முறை.

இரண்டாம் நடைக்கு மூன்று பிள்ளைகள். அன்று இரண்டு பேரை அவர்கள் வீட்டாரே வந்து அழைத்துப் போய்விட்டார்கள். ஜைனப் என்ற ஆறு வயதுக் குழந்தை மட்டும் தனியாக நின்றது. அதற்குத் தமிழ் அவ்வளவாக வராது. கலங்கிப்போய் லீதியாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு உருதுவில் என்னவோ கேட்டது. அப்போதுதான் நான் அவசரப்படுத்தினேன்.

லீதியாள் கல்லைக் கைகாட்டி, "கல்! காடி ஆயேகி!" என்றாள். காடி என்றால் வண்டி, ஆயேகி என்றால் வரும் என்று எனக்கும் தெரியும். என் மகள் உருது பேசுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. குழந்தை தலையாட்டியது. நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.

ஐந்தே முக்கால் மணிக்குப் பள்ளிக்கூடத்து ஆயா ஜட்கா வண்டியில் வந்து எங்கள் வாசலில் இறங்கினாள்.

"யம்மா, ஜைனப்பக் காணோம்மா! வீட்டுக்கு வந்து சேரலயாம். டீச்சரம்மா கூட்டியாந்துட்டாகளோன்னு பாக்க வந்தேன்."

லீதியாள் கையிலிருந்த விளக்குத்திரி கீழே விழுந்தது. வண்டிக்காரர் திரும்பி வந்தபோது கல்லில் யாரும் இல்லையாம். மற்ற இருவரைப் போல இதையும் வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து அவர் மாட்டை அவிழ்த்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஆட்கள் ஆற்றுப் பக்கமும் ரயிலடிப் பக்கமும் ஓடியிருந்தார்கள். குழந்தையின் காதில் தங்கத் தோடு உண்டு. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் அதையேதான் நினைத்தார்கள். குழந்தையின் தகப்பனார் தகரப் பெட்டி செய்து விற்கிறவர். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். வாளி விழுந்தால் எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இரண்டு பேர் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது சுவரில் இடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு குலுங்கியது.

"வண்டி வாரதுக்குள்ள அம்புட்டு என்ன அவசரம் உங்களுக்கு?" என்று கூட்டத்தில் ஒரு பெண் லீதியாளைக் கேட்டாள். "ஒத்தப் பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?"

லீதியாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் போய் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, "ஆண்டவரே, பிள்ளையைக் காட்டும்" என்றேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன். ஒவ்வொரு முறையும் அந்த விண்ணப்பத் தாள்தான் கண்ணுக்குள் வந்தது. 'கொஞ்சம்' என்ற சொல்லின்மேல் மையால் இழுத்த கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி என் ஜெபம் போகவில்லை.

என் பிள்ளையைப் பிரியாமல் இருக்க நான் ஒரு பொய் சொன்னேன். இன்று இன்னொருவர் பிள்ளையைக் காணோம். அது அங்கே எனக்கு உறைத்தது. "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். அதைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் போனால் போகட்டும். குழந்தையை மட்டும் உயிரோடு தாரும்" என்றேன். இம்முறை அழுகையோடு முழு ஜெபமும் வந்தது.

எழுந்து தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் வயதான முஸ்லிம் பெண்மணி. உஸ்தானியம்மா என்பார்கள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நடைவாசலில் நின்றார்.

"அம்மா, என் மகளுக்கு உருது நன்றாகத் தெரியாது. கொஞ்சந்தான் தெரியும். தாளில் நான்தான் மாற்றி எழுதச் சொன்னேன். இன்று அவளை அவசரப்படுத்தி அழைத்துப் போனதும் நான்தான்" என்றேன்.

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் லீதியாளைத்தான் பார்த்தார்.

"தெரியாதா? அப்ப பிள்ளைகிட்ட நீ என்னத்த சொன்ன? சொன்னபடியே சொல்லு."

"கல்லுல உக்காருன்னு சொல்ல நினைச்சேன், உஸ்தானியம்மா. கல்லுக்கு உருதுல என்னன்னு வரல. தமிழ்லயே சொல்லிட்டேன். 'கல். காடி ஆயேகி'ன்னு."

உஸ்தானியம்மா கையிலிருந்த ஜெபமாலை நின்றது.

"யா அல்லா! அடி பைத்தியமே, உருதுல 'கல்'னா நாளைக்கும்மா! நாளைக்கு வண்டி வரும்னு சொல்லிட்டுப் போயிருக்க!" பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினார். "பாய், கயித்த மேல இழுங்க! பிள்ள வெளிய போகல! நாளைக்கு வண்டின்னா அது எதுக்கு வெளிய போகுது? இங்கனதான் இருக்கும்!"

"அறையெல்லாம் நாந்தானம்மா பூட்டுனேன். உள்ள யாரும் இல்லையே" என்றாள் ஆயா. சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "கோரப்பாய் அடுக்குற அறைக்குள்ள மட்டும் நான் போய்ப் பாக்கல. வெளிய நின்னு சாத்திட்டேன்."

உஸ்தானியம்மா சாவியை வாங்கித் திறந்தார். லாந்தர் வெளிச்சத்தில் சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவே ஒரு பாய் மட்டும் விரித்திருந்தது. சிலேட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஜைனப் தூங்கிக்கொண்டிருந்தது. நாளைவரை இங்கேதான் இருக்க வேண்டும் என்று தானே பாய் விரித்துப் படுத்திருக்கிறது!

தகப்பனார் வாரி எடுத்தார். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டது: "கல் ஆ கயா?" நாளை வந்துவிட்டதா என்று.

"இல்லம்மா, ஆஜிச் ஹை" என்றார் அவர். இன்னும் இன்றுதான். அங்கே அவரவர் மொழியில் அவரவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நான் தரையில் விழுந்து சொன்னேன்.

சகோதரிகளே, என் ஜெபத்துக்கு வானத்திலிருந்து குரல் வரவில்லை. என் வாயிலிருந்த பொய் வெளியே வந்தது. அவ்வளவுதான். அது வெளியே வந்ததும் கர்த்தர் அதன் பின்னால் இருந்த கதவைத் திறந்துவிட்டார். நான் உட்கார்ந்தபடியே அழுதுகொண்டிருந்தால் அந்தக் கயிறு இன்னும் எத்தனை முறை கிணற்றில் இறங்கியிருக்குமோ.

பிறகு பயிற்சிப் பள்ளிக்குப் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, 'நன்றாக' என்பதை நானே அடித்து 'கொஞ்சம்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கூடுதலாகப் பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். லீதியாள் நடத்தினாள். தேறினாள். இப்போது இங்கிலீஷும் தமிழும் நடக்கும் வெளியூர்ப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். விடுதியில்தான் இருக்கிறாள். அவள் ரயில் ஏறிய அன்று நான் அழுதேன், ஆனால் தடுக்கவில்லை. உங்களில் யாராவது பயத்தினால் ஒரு சொல்லை அடித்திருந்தால், முதலில் அதைத் திருப்பி எழுதுங்கள். பிறகு கேளுங்கள். கர்த்தர் கேட்கிறவர். என் ஜெபத்தைக் கேட்டார்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். செவ்வாய் போய்ப் புதன் விடிந்ததும் லீதியாள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் இனிப் பிள்ளைகள் முகத்துல முழிக்க மாட்டேம்மா. எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்றாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

எட்டு மணிக்கு வாசலில் ஜட்கா வந்து நின்றது. பாய் இறங்கினார். பின்னால் ஜைனப், கையில் சிலேட்டோடு. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"என்னம்மா பண்றது, பாப்பா பள்ளிக்கூடத்து மாட்டுவண்டியில ஏற மாட்டேங்குது" என்றார். "டீச்சர் வந்தாத்தான் பள்ளிக்கூடம் போவேன்னு ஒரே அடம். அதான் நானே கூட்டியாந்துட்டேன்."

உள்ளே லீதியாள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். குரலைக் கொஞ்சம் உயர்த்தி உள்பக்கம் பார்த்துச் சொன்னார்:

"டீச்சரம்மாவ இன்னைக்கே வரச் சொல்லுங்க. 'கல்'னு மட்டும் சொல்லிறாதீங்க."