வாயில் காயமில்லாத மீன்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், இன்னமும் இரண்டு தூண்டில் தடிகள் சாத்தியிருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது அண்ணையுடையது. "இதை எறிஞ்சால் என்ன?" என்று முதலாளி அவ்வப்போது கேட்பார். நான் காது கேளாதவன் மாதிரி நின்றுவிடுவேன்.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. அதே கடையில் பல வருடம் என்னோடு மரக்கறிப் பெட்டி தூக்கியவர். மன்னார்க் கடற்கரை ஆள். இளமையில் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். எங்கள் இருவருக்கும் லீவு செவ்வாய்க்கிழமை. காலையில் நான் கார் து நோரில் ரயில் ஏறுவேன், அவர் தன் வீடு இருக்கும் பியர்ஃபித்தில் ஏறிக்கொள்வார். கிரெய் வரை போய் உவாஸ் ஆற்றங்கரையில் நடப்போம். எல்லாம் சாந்தர் மீனுக்காகத்தான். கண்ணாடிக் கண்ணும் கோரைப் பல்லுமாக முறைத்துக்கொண்டு வரும் ஆற்று மீன் அது. சதை வெள்ளை, தேங்காய்ப்பால் சொதிக்கு அப்படியொரு ருசி.

அங்கே வரும் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த மீனைப் படம் எடுத்து, சிலர் முத்தமும் கொடுத்து, திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். அண்ணைக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"சாப்பிடாட்டில் ஏன் பிடிக்கிறாங்கள்? வாயைக் கிழிச்சுப் போட்டுக் கொஞ்சி விடுறாங்களாம். இதுக்குப் பேர் இரக்கமோ?"

"எல்லாரும் வீட்டை கொண்டுபோனால் ஆத்தில என்ன மிஞ்சும் அண்ணை?" என்பேன்.

"அளவு குறைஞ்சதை நானும் விடுறன்தானே. அளவானது சட்டிக்கு."

ஒரு மீன் சட்டிக்கு ஆனதும் அவர் நூலைச் சுருட்டிவிடுவார். நியாயம் பேசிய நானோ மாலைவரை நின்று ஆறு ஏழு பிடித்துப் பிடித்து விடுவேன். எத்தனை வாயைக் கிழித்தேன் என்று அப்போது நினைத்ததில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஒருமுறை மீன்பிடி அனுமதி அட்டை பார்க்க வந்த ஆற்றுக் காவலர் ஒன்று சொன்னார். முட்டைக் காலத்தில் ஆண் சாந்தர்தான் கூட்டுக்குக் காவல் நிற்கும். உடம்பு கறுத்து, முட்டைகளுக்குத் தண்ணீரை விசிறி விசிறி வால் தேய்ந்திருக்கும். அதைத் தூக்கினால் மற்ற மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். நான்தான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தூண்டிலில் இரையைக் கொழுவினார்.

பிறகு அண்ணைக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற வாய் கசந்து, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். ஒருநாள் அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தா. "தம்பி, வாய் திறந்து ஒண்டு கேட்டிருக்கிறார். சாந்தர் சொதி வேணுமாம். நீங்கள் பிடிச்சுக்கொண்டு வாறதுதான் வேணுமாம்."

மூடியிருந்த மீன்பிடிக் காலம் திறந்து வந்த முதல் செவ்வாய் அது. தனியாகப் போனேன். கொஞ்ச நேரத்திலேயே தடி வளைந்தது. நல்ல அளவு. கரைக்கு எடுத்துப் பார்த்தால் உடம்பு கரிச்சட்டிக் கறுப்பு. வால் நுனி தும்பு தும்பாகத் தேய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அண்ணையை நினைத்தேன், கசக்கும் அந்த வாயை நினைத்தேன். திட்டித் திட்டித்தான் அதைத் தண்ணீரில் விட்டேன். அது வந்த இடத்துக்கே நேராகப் போனது.

மத்தியானம் வரை வேறொன்றும் கடிக்கவில்லை. வெறுங்கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. பியர்ஃபித்தில் இறங்காமல் கார் து நோர் வரை வந்து, ஒரு பிரெஞ்சு மீன்கடையில் முழுச் சாந்தர் ஒன்று வாங்கினேன். ஐஸைத் துடைத்து, என் மீன்பையில் போட்டு, திரும்ப ரயில் ஏறினேன். வள்ளத்தில் வளர்ந்த மனிதனை ஏமாற்றக் கடைமீனோடு போன மடையன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். மீனைக் கையில் வாங்கினார். செவுளைத் திறந்து பார்த்தார். பிறகு விரலை அதன் வாய்க்குள் விட்டு மெல்லத் தடவினார். அதை மனைவியிடம் நீட்டினார். "தம்பி பிடிச்சது. தலையையும் போட்டு வையப்பா."

பால் விட்டு, தேசிக்காய் பிழிந்த சொதி. இடியப்பம் இரண்டு சாப்பிட்டார். குசினி வாசலில் நின்ற அவர் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "வாயில தூண்டில் பட்ட காயம் இல்லையே, தம்பி."

நான் தலையைக் குனிந்தேன்.

"பிடிச்சதை விட்டனீ, என்ன?"

"ஓம் அண்ணை. கறுத்துப்போய் நிண்டது. வால் தேய்ஞ்சிருந்தது."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "காவல் நிண்டவன்," என்றார். "நானும் விட்டிருப்பன்."

பிறகு, "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எலும்பாகிப் போன கைகளால் என் கைகளைப் பிடித்து, நாலு விரற்கடை உள்ளே தள்ளினார். "இவ்வளவுதான் இருக்கும்," என்றார்.

அதன்பிறகும் அவர் என் கைகளை விடவில்லை.