அவன் எடுக்காத கம்பு

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். என் மகனுக்கு எட்டு வயது, பயந்த சுபாவம். சிலம்பம் கற்றால் தைரியம் வரும் என்று கிருஷ்ணகிரியில் ஒரு பாயிடம் அழைத்துப்போனேன். அவர் கம்பை மண்ணில் வைத்தார். பிள்ளை தானாகக் குனிந்து எடுத்தால்தான் சேர்ப்பார். இவன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருக்கட்டும்ண்ணே. அவனா எடுக்கற அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க," என்றார் பாய்.

நாலு பேர் முன்னால் எனக்கு மானம் போனது. மறுநாளே பர்கூரில் வேறொரு கூடத்தில் சேர்த்து, கம்பை நானே அவன் கையில் திணித்தேன். மூன்றாம் நாள் எதிரே ஆடியவனின் வீச்சைத் தடுக்கத் தெரியாமல் நின்றான். இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவன் என் விரலைப் பிடித்தான்.

"அப்பா, இப்ப நானே கம்பெடுத்தா பாய் சேத்துக்குவாராப்பா?"

அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.