கைகுலுக்கிய இன்ஸ்பெக்டர்

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், புனேயில் இருக்கும் என் பட்டறையின் தகடு வெட்டும் பிரஸ் மிஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு வைத்த புத்திசாலி நான். வேலை வேகத்துக்காகக் கழற்றிய பாதுகாப்புத் தடுப்பு பரணில் கிடந்தது; அது இல்லாததை மாலை மறைத்துவிடும் என்று நினைப்பு.

வந்தவர் ஒல்லியான தமிழர். முதலில் தொழிலாளிகள் எல்லோரிடமும் கைகுலுக்கினார். விரல்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வழக்கமாம். பிறகுதான் மிஷினையும் அதை ஓட்டும் ஆபரேட்டரையும் பார்த்தார்.

“அபராதம் கட்டிடறேன் சார், மிஷின் ஓடட்டுமே.”

“அபராதத்தைக் கோர்ட்டு பாத்துக்கும். இவர் கை போச்சுன்னா யார் சார் கட்டுவாங்க? தடுப்பை மாட்டுற வரைக்கும் ஓட்டாதீங்க.”

கோபமில்லாமல் தடை உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நெகிழ்ந்துபோய் நானும் ஆபரேட்டரின் கையைப் பிடித்தேன்.

“எல்லா விரலும் இருக்கு சேட்,” என்றார் அவர் மராத்தியில். “சாஹேப் இப்பத்தானே பார்த்துட்டுப் போனார்.”