முழுசா வை, இல்ல கவுத்து வை

மனைவி திரௌபதிக்குக் கொளஞ்சியப்பன் ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பீங்கான் மாவு வாங்கவென்று சொல்லி, மகளிர் குழுவில் அவளைக் கடன் எடுக்கவைத்து, ஆறு ஞாயிற்றுக்கிழமையாகப் போக்கர் மேஜையில் கரைத்த பணம். "இந்த வாரமும் தோத்தா சீட்டையே தொடக்கூடாது. சூளை மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அறுபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூலிக்குப் பீங்கான் சூளை அடுக்கியவர், இன்று இரண்டு சூளைக்குச் சொந்தக்காரர். படித்தவன் எவன் இதைச் செய்தான், சொல்லுங்கள்? மதிவாணனின் ஒர்க்‌ஷாப் மாடியில் ஞாயிறுதோறும் எட்டுப் பேர் காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வெள்ளை வில்லைகள்கூட அவர் சூளையில் வெந்தவைதான். ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டி ஓசை கேட்பார். கீறல் விழுந்ததை ஒதுக்கிவிட்டுத்தான் சீட்டைத் தொடுவார்.

தோற்றதெல்லாம் ஒரே தப்பால். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; கடைசிவரை வில்லை மிஞ்சுகிறவருக்கே முதல் பரிசு. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம். நேரம் ஆக ஆக அது ஏறும். கையிருப்பு வற்றிய பிறகும் இவர், "நடுச்சீட்டு விரியட்டும், பாப்போம்" என்று கொஞ்சம் வைப்பார். விரியும். ஒத்துவராது. வைத்தது போகும்.

போன வாரம் அவருடைய ஆள் ஒருவன் டீசல் மிச்சம் பிடிப்பதாக பர்னரைப் பாதியில் நிறுத்தி, ஒரு லோடு பீங்கான் பியூஸ் கட்டையும் வேகாமல் போனது. அவனைத் திட்டிக்கொண்டிருந்த வாயிலிருந்தே வந்தது ஞானம்: "ஏத்துனா முழுசா ஏத்தணும். இல்லன்னா மூட்டவே கூடாது."

இன்று மூன்று மணிக்குள் அவரிடம் எட்டுக் கட்டாயப் பந்தயத்துக்கான வில்லைதான் மிச்சம். ராணியும் எட்டும் வந்தது, பந்தயம் வைக்காமல் கவிழ்த்தார். ராஜாவும் மூன்றும் வந்தது, கை நமநமத்தது, கவிழ்த்தார்.

"என்னாண்ணே, விரதமா?" என்றார் பேங்கு கிருஷ்ணபிரசாத். "எந்தக் கைக்கு எறங்கலாம்னு செல்லுல சார்ட்டு இருக்குது. தரட்டுமா?"

"நீயே வச்சுக்கப்பா. படிச்சவன் பாத்துத்தான் எறங்கணும்."

அடுத்து ஆஸும் ஒன்பதும். நடுச்சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு கையாலும் அத்தனை வில்லையையும் தள்ளினார். "மொத்தமும்."

 ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். சீட்டைக் காட்டாமலே பந்தயத்தை வாரிக்கொண்டார். இரண்டு சுற்று விட்டு மறுபடி "மொத்தமும்." மறுபடி கவிழ்த்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது அவரும் கிருஷ்ணபிரசாத்தும். இரட்டை ஏழு வந்தது, தள்ளினார். "எத்தனை தடவைண்ணே பயமுறுத்துவீங்க?" என்று பேங்குக்காரர் ராஜாவையும் ஜாக்கியையும் நம்பி இறங்கினார். விரிந்த ஐந்து சீட்டிலும் ராஜாவும் இல்லை, ஜாக்கியும் இல்லை; இரட்டை ஏழே ஜெயித்தது. அடுத்த சுற்றில் பேங்குக்காரரின் மிச்சமும் வந்து சேர்ந்தது. முதல் பரிசு ஆறாயிரம்.

"சார்ட்டுல இது போட்டிருக்குதா பாரு" என்று எழுந்தார். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தையோ!

வீட்டில் திரௌபதி பியூஸ்களை வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். ஐந்நூறு ஐந்நூறாகப் பன்னிரண்டு தாளை எண்ணி வைத்தார். உள்ளங்கை மூடவில்லை.

"குழுவுக்கு வட்டி யாரு கட்டறது?"

 கொளஞ்சியப்பன் சட்டைப் பையைத் துழாவி, விரலில் எச்சில் தொட்டு, நூறு ரூபாய்த் தாள் நான்கை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார்.