தேங்காய் எண்ணெய் குடித்த டேப் மெஷின்

எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க்குத் தலை என்பது ஒரு சாக்குதான். கதவு கிறீச்சிட்டால், சைக்கிள் செயின் இறுகினால், சூட்கேஸ் ஜிப் திறக்க மறுத்தால், முழங்கை சொரசொரத்தால், எல்லாவற்றுக்கும் அதே பாட்டில்தான். அப்பா டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோலியக் கம்பெனியில் இன்ஜினியர். அதனால் எந்த எண்ணெயைப் பற்றியும் அவர் சொல்வதே கடைசி வார்த்தை என்று நம்பியிருந்தேன். மூன்றாம் வகுப்பில் நான் செய்த காரியத்துக்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

அம்மா கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவள். கடைசி நாளன்று அங்கே கூட வேலை பார்த்தவர்கள் அவள் குரலை ஒரு டேப் ரீலில் பதிந்து கொடுத்தார்கள். அது பட்டுப்புடவைகளுக்கு நடுவில் டெக்சாஸ் வந்து சேர்ந்து, பதினோரு வருடம் அலமாரியில் கிடந்தது. போட்டுக் கேட்க எங்களிடம் மெஷின் கிடையாது. 'எங்க அம்மா ரேடியோவில் பேசினவங்க' என்று பள்ளியில் நான் பீற்றிக்கொள்வேனே தவிர, அந்தக் குரலை நானும் கேட்டதில்லை.

அந்த ஜனவரியில், ஹூஸ்டனில் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் ரேடியோ நிகழ்ச்சி நடத்திவந்த ஒரு ஆன்ட்டி, அம்மாவைப் பேசக் கூப்பிட்டார். “சாம்பிள் கேக்கறாங்க. அடுத்த சண்டேக்குள்ள அந்த ரீலைப் போட்டுப் பாத்தாகணும்” என்றாள் அம்மா. அப்பா அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து பழைய வீட்டுச் சாமான்களை விற்கிற எஸ்டேட் சேல் எஸ்டேட் சேலாக அலைந்து, என் வயதைப் போல நாலு மடங்கு வயதான ஒரு ரீல் டேப் ரெக்கார்டரைக் காரில் ஏற்றி வந்தார். அதன் எடைக்குச் சாப்பாட்டு மேஜை தாங்காது என்று அம்மா சொல்லிவிட்டதால் கராஜில் வைத்தார்.

அம்மா ரீலை மாட்டினாள். வால்யூம் குமிழைத் திருப்பியதும் அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி கரகரவென்று சத்தம். அதற்குள் எங்கேயோ ஒரு பெண் பேசுவது அரையும் குறையுமாகக் கேட்டது. ரீல் கெட்டுப்போயிருக்கும் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் ரீலைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மெஷினில் குமிழைத் திருப்பினாள். அப்போதும் அதே கரகரப்பு.

“ரீல் நல்லாத்தான் இருக்கு. குமிழுக்குள்ளதான் அழுக்கு. ஸ்டேஷன்லயும் இப்படித்தான் படுத்தும்” என்றாள். அப்பா இன்ஜினியர், ஆனால் கோளாறைக் கண்டுபிடித்தது அம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குமிழைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு ஸ்பிரே உண்டு, வேறு எதையும் போடக் கூடாது என்று அம்மா சொல்ல, செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கி வருவதாக அப்பா ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வரை யார் காத்திருப்பது? திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும், மருந்து ஊற்றும் ஃபில்லரில் தேங்காய் எண்ணெயை எடுத்து, குமிழின் இடுக்கில் பத்து சொட்டு விட்டேன். மெஷினைப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். சத்தமே இல்லை! இன்ஜினியருக்குப் பிறந்தவள் இன்ஜினியர்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் எல்லோரையும் அசத்துவதற்காக வாயை மூடிக்கொண்டும் இருந்தேன்.

அன்று ராத்திரி வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. குளிரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்பது அமெரிக்காவில் தலை பின்னிக்கொண்ட எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய் சாயங்காலம் அப்பா ஸ்பிரேயோடு வந்தார். அம்மா குமிழைத் தொட்டாள். அசையவில்லை. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அம்மாவின் சாம்பிளை நானே கொன்றுவிட்டேன்.

“சாரிம்மா, நான்தான் கொஞ்சம் ஊத்தினேன்” என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தாள். மெஷின் மேல் கிடந்த ஃபில்லரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஃபில்லர்லயா ஊத்தினீங்க?”

“ஆமா. அளவா இருக்கட்டுமேன்னு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, மெஷினைத் திறந்தாள். குளிர்காலத்தில் எண்ணெய் பாட்டிலை உருக்குகிற ஹேர் டிரையரையே கொண்டுவந்து, தூரமாகப் பிடித்து, உள்ளே உறைந்ததை உருக்கித் துடைத்தாள். குமிழின் பின்பக்கத்துச் சின்னச் சந்தில் ஸ்பிரேயை அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக்கொண்டே இருந்தாள். அழுக்கும் எண்ணெயுமாக வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். நன்றாகக் காயும்வரை யாரையும் பிளக்கைத் தொட விடவில்லை. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு, ஒரு யோசனையும் சொல்லாமல் நின்றார். அது அவர் வாழ்க்கையில் அபூர்வம்.

பிறகு ரீல் சுழன்றது. “நேரம் மாலை ஆறு மணி பத்து நிமிடங்கள். அடுத்து வருவது, வயலும் நீரும் பற்றிய உரை.” ஒரு கரகரப்பு இல்லை. கணீரென்று, நின்று நிதானமாக, யாருக்கும் பயப்படாத குரல்.

“ஹூ இஸ் தட் லேடி?” என்று கேட்டேன்.

“நான்தான்டி” என்றாள் அம்மா. ரீல் முடிந்து டேப்பின் வால் படபடவென்று அடித்துக்கொள்ளும்வரை நின்றபடியே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நிகழ்ச்சிக்குக் கிளம்பியபோது ரீல் கராஜிலேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினேன். “மாம், யூ ஃபர்காட் யுவர் சாம்பிள்!” அம்மா கண்ணாடியை இறக்கி, “வேண்டாம்டா கண்ணு, உள்ள வச்சிடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நிகழ்ச்சியை இப்போது அம்மாதான் நடத்துகிறாள். போன வருடம், ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட்டில் மளிகை வாங்கப் போன இடத்தில் அந்த ஆன்ட்டியைப் பார்த்தேன். பெருமையாகச் சாம்பிள் கதையை எடுத்துவிட்டேன். அவர் முழித்தார். “சாம்பிளா? நான் எங்கம்மா கேட்டேன்? மைக் முன்னாடி உக்கார ஒரு ஆள் கெடச்சா போதும்னு இருந்தேன். உங்க அம்மாதான் ஒரு வாரம் டைம் குடுங்கன்னாங்க.”

கறிவேப்பிலைக் கட்டும் கையுமாக அப்படியே நின்றேன். வேலைக்குப் போகக் கூடாத விசாவில் வந்து, பதினோரு வருடம் யாருடைய அம்மாவாகவோ யாருடைய மனைவியாகவோ மட்டும் இருந்தவளுக்கு, அந்தக் குரல் உண்மையிலேயே தன்னுடையதுதானா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. சாம்பிள் கேட்டவள் அம்மாதான். அது கிடைத்தும்விட்டது. இது எதுவும் தெரியாமல், எங்கள் அம்மா மாதிரி மறதிக்காரி இந்தக் கேட்டியிலேயே கிடையாது என்று முனகிக்கொண்டே அன்று ரீலை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.