டொக்கு அக்காவின் கடைசி ட்யூப்

பேய்க் கதையா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது எனக்குத் தெரியும். நான் பேய் ஓட்டுகிறவள் இல்லை, பாக்டீரியா வளர்த்துப் பிழைக்கிறவள்.

எங்கள் லேபில் மூத்தவளை டொக்கு அக்கா என்போம். எதைக் கலந்தாலும் ட்யூபைக் குலுக்கும் மெஷினில் வைக்கவே மாட்டாள். நகத்தால் மூன்று தட்டு தட்டுவாள். டொக்... டொக்... டொக்.

"குலுக்காதடி. அதுங்க ஒண்ணையொண்ணு புடிச்சிட்டு நிக்குது, பிரிஞ்சிடும்."

உண்மைதான். ஒரு பாக்டீரியா பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் தன் மரபணுவைக் கொடுக்கும்.

காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. அவளுடைய இத்தனை வருட உழைப்பும் ஒரே ஒரு ட்யூபாக ஃப்ரீசரில் கிடந்தது. அதிலுள்ள மரபணு இன்னொரு பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்ந்தால் அவள் ஆய்வு முடிந்துவிடும். இரண்டையும் மூன்று முறை கலந்து பார்த்தேன். பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. ட்யூபைப் பிசிஆரில் சோதித்தால், மரபணு இருக்கிறது என்று பளிச்சென்று கோடு விழுந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

"போதும்மா, விட்டுடு. திங்கக்கிழமை ஃப்ரீசர காலி பண்றோம்," என்றார் பேராசிரியர்.

அவள் பட்ட பாடெல்லாம் குப்பைக்கா? எனக்கு மனசு ஆறவில்லை.

ஞாயிறு மாலை ஆறு பத்து. லேபில் நான் மட்டும். மிச்சமிருந்த சொட்டுகளையும் கலந்தேன். "எப்படியோ போய்த் தொலை" என்று மெஷினில் வைத்து அழுத்தினேன்.

மெஷின் ஓடவில்லை. பிளக் கழன்று கிடந்தது. ட்யூபை ஸ்டாண்டில் வைத்தேன். பிளக்கைச் செருகினேன். கையுறை மாற்றிக்கொண்டு திரும்பினேன்.

மறுபடியும் கழன்று கிடந்தது...

"யாரது? விளையாடாதீங்க!"

டொக்.

ஸ்டாண்டில் ட்யூப் தானாக அதிர்ந்தது.

டொக்... டொக்.

ஓடியிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"குலுக்கல அக்கா... சத்தியமா குலுக்கல."

ட்யூபை அசையாமல் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். பிறகு தட்டில் பரப்பினேன். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த தட்டு அது. மரபணு வாங்கிய பாக்டீரியா மட்டும்தான் அதில் பிழைக்கும்.

மறுநாள் தட்டு நிறையப் புள்ளிகள். பிசிஆரில் ஒவ்வொன்றுக்கும் கோடு. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க அம்மாவுக்கு நான் ஃபோன் பண்றேன்."

அக்காவின் ட்யூபில் ஒட்டியிருந்ததைத் தனியாக வளர்த்து வைக்க ஆசைப்பட்டேன். வளரவில்லை. மருந்தில்லாத தட்டில் திரும்பத் திரும்பத் தடவியும் வளரவில்லை. லேப் உதவியாளரைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா சாவுக்கு லேப ஒரு வாரம் பூட்டினோம்ல... அப்பவே ஃப்ரீசர் நின்னுபோச்சும்மா. வேலை போயிடும்னு பயந்து சொல்லல. அதுல ஒண்ணுமே பிழைக்கல."

பிசிஆருக்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதம் தெரியாது. மரபணு இருந்தால் கோடு போட்டுவிடும். ஆனால் செத்த பாக்டீரியா எதையும் பிடிக்காது, எதையும் கொடுக்காது.

மூன்று முறையும் நான் கலந்தது செத்ததைத்தான்.

நான்காம் முறையும் அதே ட்யூப்தான்.