திரைச்சீலைக்கு உள்ளே ஒரு டிஸ்க்

எங்கள் பகுதியில் கலியாணம் என்றால் ஆண்கள் பக்கம் படம் பிடிக்க ஆட்களுக்குக் குறைவில்லை. பெண்கள் பக்கம் போய்ப் படம் பிடிக்கத்தான் ஆள் அகப்படாது. சில வருடங்களாக அந்த வேலையை நான் செய்து வருகிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டாலும் சாய்ந்தமருதுப் பெண்களுக்கு நான் இன்னும் "கமராப் புள்ள"தான்.

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம். கமரா அதற்கு நல்ல மறைப்பு. அதை முகத்துக்கு முன்னால் பிடித்துவிட்டால் எல்லோரும் கமராவைத்தான் பார்க்கிறார்கள். "இஞ்ச பாருங்க" என்பதைத் தவிர வேறொன்றும் பேசாமல் ஒரு முழுக் கலியாணத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளியே பர்தாவோடு போகிற பெண்கள் கலியாண வீட்டின் உள் அறையில் பூவும் நகையுமாகத் தலை திறந்து சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படங்களை அந்நிய ஆண் எவரும் பார்க்கக் கூடாது. அதனால் படங்களைத் திருத்துவது, அச்சடிப்பது, அல்பத்தில் ஒட்டுவது எல்லாம் என் அறைக்குள்ளேயே நடக்கும். சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலை செய்யும் என் கணவர்கூட அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

அந்த வருடம் கல்முனையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. நிக்காஹ் முடிந்து கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார், பின்னால் மணப்பெண்ணும் போவதாக ஏற்பாடு. போகிற நாளுக்கு முந்திய சனிக்கிழமை அல்பத்தை வாங்க அவளே வருவதாகச் சொல்லியிருந்தாள். வேலையைத் தந்த அன்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "ஒரு ஆம்புளட கண்ணும் இதுல படப்போடா. ஒங்கள நம்பித்தான் நான் தலையத் திறக்கிறன்."

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது கம்பியூட்டர் எழும்பவில்லை. சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, வெளிச்சம் வருகிறது, பிறகு கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அதை மெதுவாக வாசித்தேன். தொடங்குவதற்கு டிஸ்க் ஒன்றும் இல்லையாம். உள்ளே இருந்தது எஸ்எஸ்டி என்று சொல்கிற புது மாதிரி டிஸ்க். கம்பியூட்டர் எழும்புவதும் அதிலிருந்துதான், படங்கள் இருப்பதும் அதிலேதான். கமராவின் கார்டுகளை அடுத்த கலியாணத்துக்காக ஏற்கெனவே அழித்துவிட்டேன். ஆகவே அந்தப் பிள்ளையின் கலியாணம் முழுவதும் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது.

ராத்தாவின் மகளிடம் லேப்டாப் இருந்தது. ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, அவருக்கு வீடு எங்கள் வளவுக்குள்ளேயே அடுத்த வீடு. டிஸ்கைக் கழற்றி ஒரு வயர் மூலம் அந்த லேப்டாப்பில் பொருத்திப் பார்த்தோம். அதுவும் அப்படி ஒன்றும் இல்லை என்றே சொன்னது.

மறுநாள் டிஸ்கைத் திரும்பப் பூட்டி, கம்பியூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். அங்கே கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறவர் ஒரு இளைஞர், தம்பி என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மாதிரி. வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். என்ன படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றேன். கடைசியில் ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். படங்களைத் திறக்காமல் திருத்தலாமா என்றும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, திறந்து பார்க்காமல் சரியா பிழையா என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினேன். நான் அழப்போகிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "நான் வீட்ட வாறன். நான் வெளியில இருக்கிறன், நீங்க உள்ளுக்க இருந்து செய்யுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். முன் விறாந்தையில் கதிரை போட்டோம். வாசலில் திரைச்சீலை. கணவர் வேலைக்குப் போயிருந்ததால் ராத்தாவைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். எனக்கும் சேர்த்து அல்லாஹ் அவருக்கே பேச்சைக் கொடுத்துவிட்டான். தம்பி வெளியிலிருந்து சொல்வதை ராத்தா ஹோலில் நின்று கேட்டு அறைக்குள் இருக்கும் எனக்குச் சொல்வார், நான் முணுமுணுப்பதை அவர் ஊருக்கே கேட்கிற மாதிரித் தம்பிக்குச் சொல்வார்.

முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். டிஸ்கில் இரண்டு வயர் பொருத்தியிருக்கும் என்றார். சின்னது கம்பியூட்டரோடு கதைக்கிற வயர், அகலமானது கரண்ட் கொடுத்துச் சோறு போடுகிற வயர். ராத்தாவுக்கு இது நன்றாகப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவற்றை வேறு பெயரால் சொல்லவில்லை. இரண்டையும் கழற்றித் துடைத்து இறுக்கிப் பொருத்தினேன். கடற்கரைக் காற்றில் பித்தளை எல்லாம் பச்சை பிடிக்கும், அதனால் உள்வாயையும் துடைக்கச் சொன்னார். பிறகு கதைக்கிற வயரைப் பெட்டிக்குள் இருக்கிற சர்க்கிட் பலகையில் வேறு துவாரத்துக்கு மாற்றினேன். பிறகு வயரையே மாற்றினேன், சிடி போடுகிற தட்டுக்குப் போன வயரைக் கழற்றி இதற்குப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கம்பியூட்டரை எழுப்பி ஒரு பட்டனை அழுத்தினால் செட்டப் திரை வரும். உள்ளே பொருத்தியிருக்கிற டிஸ்குகளின் பெயர் அங்கே வரவேண்டும். ஒரு பெயரும் வரவில்லை.

அந்தத் திரையைப் பார்க்க வேண்டும் என்றார் தம்பி. நான் என் போனில் படமெடுத்துக் கொடுத்தேன். ராத்தா போனைத் திரைச்சீலைக்கு வெளியே நீட்டினார், கையிலிருந்து விடவில்லை. "இப்படியே பாருங்க தம்பி. விரலால தள்ளினா அடுத்த படம் வந்திரும்." தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாராம்.

பார்த்துவிட்டு, பழுதான அன்று என்ன நடந்தது என்று கேட்டார். நான் படங்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுக்கப் போட்டுவிட்டுத் தொழுகைக்காகக் கைகால் கழுவி உளு எடுக்கப் போனேன், தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கம்பியூட்டர் அணைந்திருந்தது, கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்தேன். இதை ராத்தாவிடம் சொன்னேன். ராத்தா அதைச் சொல்லாமல் என்னைத் திருப்பிக் கேட்டார். "அண்டைக்கு எங்க புள்ள கரண்ட் போன? நான் இஞ்ச இருந்து நாடகமெல்லோ பார்த்த." அவர் வீட்டு டீவியில் எந்நேரமும் கிரிக்கெட் என்பதால் பின்னேர நாடகத்துக்கு என் வீட்டுக்குத்தான் வருவார். கரண்ட் வந்து போவதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். ராத்தாவும் நான் சொன்னதையே தம்பிக்குச் சொன்னார்.

தம்பி ஒரு வழி சொன்னார். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் சட்டென்று போனால் இந்த மாதிரி டிஸ்க் சிலது எதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தடுமாறிவிடுமாம். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதாம். கதைக்கிற வயரைக் கழற்றிவிட்டுச் சோற்று வயரை மட்டும் வைத்துச் செட்டப் திரையில் அரை மணித்தியாலம் விட வேண்டும். பிறகு நிறுத்திக் கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி அரை மணித்தியாலம். அந்த நேரத்தில் அது தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். இடையில் கரண்ட் போகக் கூடாது. "சரிவரும் எண்டு சொல்ல மாட்டன் ராத்தா. சிலது எழும்பும். எழும்பாட்டி கொழும்புக்குத்தான் அனுப்பணும்." கொழும்பில் யார் யார் கண் படும் என்று நான் யோசித்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

நான் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி அறையில் இருந்தேன். தம்பி ராத்தா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு பின்னேர அஸர் தொழப் பள்ளிவாசலுக்கு நடந்தார். ராத்தா நேரம் போக டீவியைப் போட்டார். அரை மணித்தியாலம் முடியக் கொஞ்சம்தான் இருந்தது. பாங்கு கேட்டது. நான் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டேன். கம்பியூட்டர் திரை அணைந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நெஞ்சில் கை வைத்தேன். ஆனால் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்து ஹோலுக்கு வந்தேன். டீவி அணைந்திருந்தது. ராத்தா தலையை மூடிக்கொண்டு சுவரோரம் நின்று, பாங்குக்கு வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய விரல் இன்னும் சுவிட்ச் மேல் இருந்தது. அந்த டீவியின் ரிமோட் எப்போதோ வேலை செய்யாமல் போனது. அதனால் பாங்கு கேட்டதும் அவர் டீவியைச் சுவரிலேயே நிறுத்துவார். என் அறை பிளக் பழுதான நாளிலிருந்து கம்பியூட்டருக்கான வயர் கதவுக்குக் கீழால் போய் அந்தச் சுவிட்சில்தான் முடிந்தது. மற்ற நாட்களில் பாங்குக்கு முன்னமே நான் கம்பியூட்டரை மூடிவிடுவேன். பழுதான அன்று ஒரு நாள்தான் ஓடவிட்டுப் போனேன்.

பாங்கு நடக்கும்போது பேசக் கூடாது. அதனால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கண் வயரின் வழியே கதவு வரைக்கும் போய்த் திரும்பி அவருடைய விரலுக்கு வந்தது. ராத்தாவின் கண்ணும் அதே வழியில் போய் வந்தது. அவருடைய வாய் பதில் சொல்வதை நிறுத்தவில்லை, ஆனால் முகம் மெல்ல மெல்ல மாறியது. எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ராகமாக இழுத்துச் சொல்கிறவர். அன்றைய பாங்கு போல நீளமான பாங்கை நான் கேட்டதில்லை.

முடிந்து துஆவும் ஓதிய பிறகு ராத்தா மெதுவாகக் கேட்டார். "அண்டைக்கும் நான்தானா?"

"ஓம் ராத்தா."

"பாங்கு சொல்லக்குள்ள டீவி ஓடலாமா புள்ள?"

"டீவியத்தானே நிப்பாட்டணும். நீங்க ஒரு கலியாணத்தையே நிப்பாட்டிட்டீங்க."

நான் இவ்வளவு கூர்மையாக யாருக்கும் சொன்னதில்லை. ராத்தா திகைத்துப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் வந்தது, அது எதற்கு என்று தெரியவில்லை.

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் வாக்கு வாங்கினார். தம்பி வந்து அரை மணித்தியாலம் முடிந்ததா என்று கேட்டபோது, கரண்ட் போய்விட்டது என்று அவரே சொன்னார். பள்ளியில் கரண்ட் இருந்ததே என்றார் தம்பி. பள்ளிக்கும் எங்களுக்கும் ஒரே லைன். ராத்தா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வெளியே கதிரை அசைகிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ராத்தா செய்தது சரிதான், பிளக்கை வைத்த இடம்தான் பிழை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

இரண்டாவது தடவை தொடங்கினோம். ராத்தா ஒரு கதிரையை இழுத்துச் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடக நேரம் வந்தது, போனது. போனுக்குச் சார்ஜ் போட வந்த மகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சும்மா இருக்க முடியாமல், திரைச்சீலை வழியாகவே தம்பியின் குடும்ப விபரம் முழுவதையும் விசாரித்து முடித்தார். கலியாணம் பேசியிருக்கிறதாம், பெண் மருதமுனையாம்.

முதல் அரை மணித்தியாலம் போனது, ஆறவிட்டேன், இரண்டாவதும் போனது. கம்பியூட்டரை நிறுத்திக் கதைக்கிற வயரைப் பொருத்தினேன். பிஸ்மி சொல்லிப் பட்டனை அழுத்தினேன். செட்டப் திரையில், இவ்வளவு நேரமும் வெறுமையாக இருந்த வரியில், டிஸ்கின் பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பெயர், அதை இரண்டு தடவை வாசித்தேன்.

"ராத்தா, கதைக்குது" என்றேன். அவர் வெளியே சொல்லத் தேவையிருக்கவில்லை. தம்பிக்கே கேட்குமளவுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

இனி கம்பியூட்டரை மூடவே வேண்டாம், முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள், இந்த டிஸ்கை இனி நம்பாதீர்கள் என்றார் தம்பி. தான் கொண்டுவந்த வெளி டிஸ்கைத் திரைச்சீலைக்குக் கீழால் தள்ளிவிட்டார். பிரதி எடுத்து முடியுமுன்னே அந்தி மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. நான் அறை வாசலிலிருந்து பார்த்தேன். ராத்தா தன் இரண்டு கையையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

இரவும் காலையுமாக அச்சடித்தேன். சனிக்கிழமை பின்னேரம் மணப்பெண் வந்தாள். என்னையும் ராத்தாவையும் உள்ளே வைத்து அறைக் கதவை மூடிவிட்டு அல்பத்தைத் திறந்தாள். மருதாணிக் கையோடு அவள் உம்மாவின் தோளில் சாய்ந்து சிரிக்கிற படத்தில் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். "ஒரு ஆம்புளயும் பார்க்கல்லையே?"

"இல்ல. திருத்த வந்தவரையும் விறாந்தையிலதான் வெச்சிருந்த" என்றேன். அதற்குமேல் ராத்தா சொன்னார். சோற்று வயரும் கதைக்கிற வயரும் பாங்கும் எல்லாம் வந்தன, நடக்காதது ஒன்றிரண்டும் வந்தது. அந்தப் பிள்ளை அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அடுத்த கிழமையே கணவர் ஆள் பிடித்து அறையின் பிளக்கைத் திருத்தினார். டீவிக்குப் புது ரிமோட்டும் வந்தது, ஆனாலும் ராத்தா இன்னும் சுவரில்தான் நிறுத்துகிறார்.

சில மாதங்களில் மருதமுனையிலிருந்து ஒரு பெண் வீட்டார் கலியாணத்துக்குப் படமெடுக்க என்னைப் பேச வந்தார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளையே சொன்னாராம், திருத்த வந்த தனக்கே ஒரு படத்தையும் காட்டாதவர் என்று. ராத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் மணப்பெண்ணின் கைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பகல் லுஹருக்குப் பாங்கு கேட்டது. ஒரு பெண் அவசரமாக எழுந்து சுவரிலிருந்த சுவிட்சுகளை நோக்கி நடந்தார். அவர் போய்ச் சேருமுன் ராத்தா அங்கே போய், ஒன்றும் பேசாமல், முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். பிறகு ஒரு விரலால் பாட்டுப் பெட்டியை மட்டும் நிறுத்தினார்.